மஞ்சள் நெஞ்சு ரீகல்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஏஞ்சல் மீன் பேச்சை எடுத்தால், பவளத்தைக் கொத்துமா என்ற கேள்விதான் முதலில் வந்து விழும். கொத்தித் தீர்த்துவிடும் என்பார் ஒருவர். என்னிடம் பல வருஷமாக இருக்கிறது, ஒன்றையும் தொட்டதில்லை என்பார் மற்றவர். இரண்டு பேரும் வைத்திருப்பது ஒரே இனமாக இருக்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

என் வீட்டில் இருப்பது ரீகல் ஏஞ்சல். மாலத்தீவுக் கடலிலிருந்து வந்தது, அதனால் நெஞ்சு மஞ்சள். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் பக்கத்து ரீகலுக்கு அந்த இடம் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். ஆரஞ்சுக்கு நடுவே கருங்கரை போட்ட வெளிர்நீலப் பட்டைகள், வால் மட்டும் தனி மஞ்சள். விளக்கு எரிகிற நேரம் முழுக்க அதற்கு ஒரே வேலைதான். பாறை இடுக்கில் மூக்கை நுழைக்கும், ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்க்கும், கொத்தும், நகரும், மறுபடி பார்க்கும்.

அந்தச் சாய்ந்த பார்வையை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். விடுமுறை நாளில் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் வேன் கிளீஃப் மீன்காட்சியகம். சிங்கப்பூரில் வாழ்ந்த வேன் கிளீஃப் என்ற டச்சுக்காரர், 1930இல் இறந்தபோது தன் சொத்தை இந்த நகரத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தில் கட்டலாம் என்று முடிவாகி, நடுவில் யுத்தம் வந்து, காட்சியகம் திறந்தபோது 1955 ஆகிவிட்டது. உள்ளே இருட்டாக இருக்கும். வெளிச்சமெல்லாம் தொட்டிகளுக்குள்தான். அப்பா குனிந்து பார்க்கும்போது அவர் நெற்றித் திருநீறு கண்ணாடியில் தெரியும், அதற்குப் பின்னால் மீன் போகும்.

அங்கேதான் எம்பரர் ஏஞ்சலின் குட்டியைப் பார்த்தேன். கருநீல உடம்பில், வால் பக்கத்து மையத்திலிருந்து விரிந்துகொண்டே போகும் வெள்ளை வட்டங்கள். இன்னொரு தொட்டியில் பெரிய எம்பரர், மஞ்சளும் நீலமுமாக நெடுக்குக் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கருப்பு முகமூடி. இரண்டும் ஒரே மீன் என்று அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அறிவியலாளர்களே நம்பவில்லை. மார்க்கஸ் ப்ளாக் 1787இல் பெரிய மீனுக்குப் பெயர் வைத்தார். 1801இல் வெளிவந்த நூலில் குட்டிக்கு நிக்கோபார் தீவுகளின் பெயரால் வேறொரு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெளிய நெடுங்காலம் பிடித்தது. குட்டிக்கு எதற்கு வேறு உடை? வளர்ந்த எம்பரர் தன் எல்லைக்குள் தன்னைப் போலக் கோடு போட்ட இன்னொன்றை விடாது, துரத்தும். வட்டம் போட்ட குட்டியை எதிரியாகக் கணக்கில் எடுக்காது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். அந்த உடையில் குட்டி பெரியவற்றின் எல்லைக்குள்ளேயே மேய்ந்து வளர்ந்துவிடும்.

செந்தோசாவில் அண்டர்வாட்டர் வோர்ல்டு திறந்த 1991ஆம் ஆண்டிலேயே வேன் கிளீஃபை மூடினார்கள். நான் அப்போது தேசிய சேவையில் இருந்தேன். 1998இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். செந்தோசாவில் இருந்ததும் 2016இல் போய்விட்டது. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு போகும்போதெல்லாம் என் கண் தானாகக் குன்றின் பக்கம் போகும்.

எம்பரர் வைக்க எனக்கு ஆசை உண்டு, இடம்தான் இல்லை. நாற்பது சென்டிமீட்டர் வரை வளரும் மீன் அது. அதற்கேற்ற தொட்டியை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுத் தளத்தில் ஏற்றக் கூடாது. தளம் தாங்கும் எடைக்கு வரம்பு இருக்கிறது, தண்ணீரின் எடையோ லிட்டருக்கு ஒரு கிலோ, பாறையும் கண்ணாடியும் அதற்கு மேலே. தரைவீட்டில் இருக்கும் ஒரு நண்பர் வைத்திருக்கிறார். இரவில் கூடத்து விளக்கைத் திடீரென்று போட்டால், கண்ணாடிக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். முதல்முறை கேட்பவர்கள் தொட்டி விரிசல் விட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய ஏஞ்சல்கள் மிரண்டால் எழுப்பும் ஒலி அது, கண்ணாடியில் கைவைத்தால் விரலில் உறைக்கும்.

ரீகல் இருபத்தைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சுவரோரமாக வைத்த என் ஐந்தடித் தொட்டியில் அது சுற்றிவர இடம் இருக்கிறது. வாங்கியது சிராங்கூன் நார்த் கடை ஒன்றில். கடைக்கார அங்கிள் வலையை எடுக்கவேயில்லை. ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீன் தானாக உள்ளே வரும்வரை காத்திருந்தார். ஏஞ்சல் எல்லாவற்றுக்கும் செவுள்மூடியின் கீழ்மூலையில் பின்னோக்கி ஒரு முள் உண்டு. வண்ணத்துப்பூச்சி மீனையும் ஏஞ்சலையும் பிரித்துச் சொல்வதே அந்த முள்தான். வலையில் அது மாட்டினால் மீன் திமிறும், வலையைக் கத்தரிக்க வேண்டிவரும், சில சமயம் முள்ளே முறியும். அங்கிள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, “இன்னும் சரியாச் சாப்பிடல. முன்பணம் குடுத்துட்டுப் போ. சாப்பிட்டதும் வந்து எடுத்துக்க” என்றார். விற்றால் போதும் என்று நினைக்கிற வியாபாரத்தில் இப்படிச் சொல்கிற மனிதர் கிடைப்பது பெரிய விஷயம்.

ஏன் சாப்பிடவில்லை என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். அதில் ஒன்று, பிடித்த விதம். பிலிப்பீன்ஸில் 1960களிலேயே அலங்கார மீன் பிடிப்பவர்கள் சயனைடு கரைசலைப் பவள இடுக்கில் பீச்சத் தொடங்கினார்கள். மீன் மயங்கி வெளியே வரும், பிடிப்பது சுலபம். அந்தப் பவளம் செத்துப்போகும். மீனின் உள்ளுறுப்புகளும் கெட்டிருக்கும், கடைக்கு வந்து நன்றாக நீந்தி, வாங்கினவர் வீட்டில் சில வாரம் கழித்துச் சாகும். அந்தக் காலத்தில் ஏஞ்சல் வளர்ப்பது கஷ்டம் என்று எழுதி வைத்ததில் எத்தனை பங்கு மீனின் குணம், எத்தனை பங்கு சயனைடு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வலைபோட்டுப் பிடித்தது எங்கே கிடைக்கிறது என்று கேட்டு வாங்குவது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் நேரே பவளத் தொட்டியில் விடவில்லை. அதில் விட்டபிறகு நோய் வந்தால் மருந்து போட முடியாது. வெள்ளைப் புள்ளி நோய்க்கான தாமிர மருந்து பவளத்தையும் நத்தையையும் இறாலையும் சேர்த்தே கொன்றுவிடும். ரீகலுக்கே தாமிரம் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. ஆகவே மருந்தில்லாத வழி. மீன் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து, அடியில் ஒட்டிக் கூடுகட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டிலிருந்து அடுத்த தலைமுறை வெளிவரக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். அதற்குள், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, மீனை மட்டும் காய்ந்து சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் கூடுகள் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். நான்கு முறை மாற்றினால் மீன் சுத்தம். துணி துவைக்கும் இடத்தில் இரண்டு சின்னத் தொட்டிகள், ஒன்றில் மீன், மற்றது கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் மனைவி துணிகளை எங்கே உலர்த்தினாள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது, அவள் முகம் சுளித்ததில்லை.

அங்கே ரீகலுக்குச் சாப்பாடு கொடுத்தது தேக்கா ஈரச்சந்தை. அங்கிளிடம் உறைந்த மைசிஸ் இறாலை வாயில் போடப் பழகியிருந்தது. இடம் மாறியதும் அதையும் துப்பியது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் லாலா சிப்பி ஒரு கைப்பிடி வாங்கினேன். ஓர் இரவு உறைய வைத்து, மறுநாள் கத்தியால் பிளந்து, சதையோடு பாதி ஓட்டைத் தொட்டியின் அடியில் வைத்தேன். மீன் சுற்றி வந்தது. சாய்ந்து பார்த்தது. ஓட்டின் விளிம்பை ஒருமுறை தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. பிறகு வாய் முன்னால் நீண்டது, நீண்ட நிலையிலேயே சதையைக் கவ்வி மூடியது, சட்டைப் பொத்தானைப் பிய்ப்பது போல ஒரு வெட்டு இழுப்பு. சதையில் ஒரு நூல் பிரிந்து வந்தது.

அந்த இழுப்பு ஏஞ்சலுக்கே உரியது. பெரும்பாலான மீன்கள் வாயை நீட்டித் திறந்து, மூடிக்கொண்டே உள்ளே இழுக்கும். ஏஞ்சலின் கீழ்த்தாடையிலேயே கூடுதலாக ஒரு மூட்டு இருக்கிறது. வாய் நீண்டிருக்கும்போதே தாடையை மூடிக்கொள்ள அந்த மூட்டு இடம் கொடுக்கிறது. மூடிய பிறகு வேகமாகப் பின்னிழுத்துப் பிய்க்கும். ஆஸ்திரேலியாவில் கோனோவ், பெல்வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோரான் ஏஞ்சலைப் படமெடுத்து 2005இல் இதை விளக்கினார்கள். பாறையில் கெட்டியாக ஒட்டிக்கிடக்கும் கடற்பஞ்சைப் பிய்க்கவென்றே அமைந்த வாய். கரீபியக் கடலில் ஜான் ராண்டலும் வில்லர்ட் ஹார்ட்மனும் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்து 1968இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது: குயீன் ஏஞ்சல் சேர்ந்த ஹோலகாந்தஸ் வகையின் உணவில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடற்பஞ்சு, எம்பரரின் உறவான பொமகாந்தஸ் வகையில் 70 விழுக்காட்டுக்கு மேல்.

அப்படியென்றால் பவளத்தை ஏன் கொத்துகிறது? கடற்பஞ்சு தேடும் வாய்க்கு வழியில் எல்லாமே சோதிக்க வேண்டிய பொருள். வீட்டுத் தொட்டியில் கடற்பஞ்சு கொஞ்சம்தான், பசி மிச்சம். பவளத்தின் மேல் வழியும் சளி அதற்குத் தின்பண்டம். கொத்திய இடத்தில் சதை மெத்தென்று இருந்தால் மறுபடி வரும், சுருக்கென்று கொட்டினால் போய்விடும். அதனால்தான் ஒரே இனத்தில் ஒன்று கொத்துகிறது, ஒன்று கொத்துவதில்லை. முதல் வாரத்தில் அந்த மீனுக்கு என்ன பசி, வாயில் என்ன பட்டது என்பதில் பாதி அடங்கிவிடுகிறது. பட்டியல் போட்டு இது ஆகும் இது ஆகாது என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பட்டியலை நம்பி மீன் வாங்கி, கொத்தியதும் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்தால் வருத்தம் வருகிறது.

என் ரீகல் லோபோஃபிலியாவைக் கொத்தியது. சிவப்பும் பச்சையுமான, கையளவு அகலமான பவளம் அது. பகலில் சதை உப்பி மினுமினுக்கும். முதலில் விளிம்பில் ஓரிடம் மட்டும் சுருங்கியது. இரண்டொரு நாளில் அந்த இடத்தில் எலும்புக்கூட்டின் பற்கள் வரிசையாக வெள்ளையாகத் தெரிந்தன. ரீகல் அதன் மேல் நின்று, சாய்ந்து பார்த்து, விளிம்பை மட்டும் இழுத்தது. அக்ரோபோராவின் கிளைகளைத் தொடவில்லை. மொண்டிபோரா தட்டுகளின் மேல் நீந்திப்போனது. டார்ச் பவளத்தின் நீண்ட கொடுக்குகளிலிருந்து ஒரு விரல்கடை தள்ளியே நின்றது. கொட்டும் பவளம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஜோவான்திட் இரண்டு கொத்துகள் மூடியபடியே கிடந்தன, பிறகு அவையும் குறைந்தன.

சிப்பியும் கடற்பஞ்சு கலந்த உறை உணவும் கிளிப்பில் செருகிய நோரித் தாளும் நாளுக்குப் பலமுறை போகத் தொடங்கியதும் கொத்துவது பாதியானது. அதைவிட நல்லது ஒன்று நடந்தது. அத்தனை உணவு போனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். ஸ்கிம்மர் இருக்கிறது, சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி இருக்கிறது, இரண்டும் ஏறுவதை ஓர் அளவில் நிறுத்தின. நைட்ரேட் பத்துக்குப் பக்கம் நின்றபோது, முன்பு வெளிறியிருந்த அக்ரோபோராவின் நிறம் ஆழமானது. பவளத்தின் உடம்புக்குள் வாழும் பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும். சுத்தம் சுத்தம் என்று தண்ணீரைப் பட்டினி போட்டால் பவளமும் வெளிறும். மீனுக்குப் போட்டதில் ஒரு பங்கு பவளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாடுதான். குழாய்த் தண்ணீரில் குளோரமின், அதனால் ஆர்ஓ. அறை வெப்பம் முப்பதைத் தாண்டும், அதனால் சில்லர் 26இல் ஓடிக்கொண்டே இருக்கும். உப்பு ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை எட்டு.

புலாவ் ஹந்துவில் முக்குளித்தபோது இதையெல்லாம் யோசித்தேன். சிங்கப்பூர்க் கடல் கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியும், அதற்கப்பால் பச்சை. கடலை நிரப்பி நிலமாக்கியதில் பவளப்பாறைகள் பாதிக்கும் மேல் போய்விட்டன, 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெப்பத்தில் பவளம் வெளுத்தது. அப்படியும் 250க்கும் மேற்பட்ட இனக் கல்பவளம் இங்கே இருக்கிறது. அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஆறுபட்டை ஏஞ்சல் ஜோடி ஒன்று வந்தது, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். ஒரு கல்பவளக் குமிழின் பக்கத்தில் நின்று, அதன் அடியில் நிழலில் படர்ந்திருந்த பஞ்சைப் பிய்த்தது ஒன்று. அதே சாய்ந்த பார்வை, அதே வெட்டு இழுப்பு. குமிழின் மேல் பழைய கொத்துத் தழும்புகள் இருந்தன, அவற்றின் மேல் சதை மூடியிருந்தது. கடலில் ஒரு மீன் இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று போய்விடும். ஐந்தடித் தொட்டியில் அது திரும்பத் திரும்ப வருவது அதே பவளத்துக்குத்தான். கொத்துவதில் குற்றம் எதுவும் இல்லை, இடம்தான் குறைச்சல். அந்த இடத்தைக் குறைத்துக் கொடுத்தவர்கள் நாம் என்பதால், மீதி ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும். மீனை முதலில் தேர்ந்துகொண்டு, அதன் வாய்க்கு ஒத்துவரும் பவளத்தை மட்டும் அதனோடு வைப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். பவளத்துக்காக மீனின் வாயைத் திருத்த முடியாது.

பவளத்தின் அருமை இங்கே எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது 2018இல். அந்த வருஷம் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியது. கடைத் தொட்டிகள் காலியாயின. கையிலிருந்ததை வெட்டி, துண்டுகளைப் பீங்கான் கட்டையில் ஒட்டி, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம். எம்ஆர்டி நிலையத்து வாசலில் ஒரு தெர்மோஸ் பெட்டி கைமாறும், பத்து வெள்ளிகூட வாங்காதவர்கள் இருந்தார்கள். 2020இல் வளர்த்த பவளம் மறுபடி வரத் தொடங்கியது. ஆனால் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. என் மொண்டிபோராவின் தாய்த்துண்டு எந்த வீட்டிலிருந்து வந்தது, அதன் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியும்.

மீனுக்கு அப்படிச் சொல்ல முடியாது, ரீகல் கடலில் பிறந்தது. இதே தொட்டியில் ஒரு ஜோடி கோரல் பியூட்டி இருக்கிறது, விரல் நீளக் குள்ள ஏஞ்சல். இரண்டையும் சின்னதாக வாங்கிவிட்டேன். இந்த வகையில் எல்லாம் பெண்ணாகவே வளரும், கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். 1978இல் ஜாக் மோயரும் நகஸோனோவும் ஜப்பானின் மியாகே தீவில் இதன் உறவு மீனைக் கவனித்து எழுதியது அப்படியே என் கூடத்தில் நடக்கிறது. விளக்கு மங்கும் நேரத்தில் பெரியது துடுப்பை விரித்துச் சின்னதைச் சுற்றும், வயிற்றில் மூக்கால் முட்டும், இரண்டும் மெல்ல மேலே எழும், ஒரு துடிப்பு, ஓடிப்போகும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைகள். அவை மிதந்து ஓவர்ஃப்ளோவில் விழுந்து ஸ்கிம்மருக்குள் போய்விடும்.

கோமாளி மீனின் முட்டை பாறையில் ஒட்டிக்கொள்ளும், பெற்றோர் காவல் இருக்கும், ஆகவே அதை வளர்க்க எத்தனையோ பேர் கற்றுக்கொண்டார்கள். ஏஞ்சல் குஞ்சின் வாய் அத்தனை சிறிது, வழக்கமாகக் கொடுக்கும் தீனி அதற்குள் நுழையாது. ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் 2000களின் தொடக்கத்தில் மிகச்சிறிய கோப்பிபாட் குஞ்சுகளைக் கொடுத்துக் குள்ள ஏஞ்சல்களை வளர்த்துக் காட்டினார். இப்போது பாலியில் எம்பரர் வகைக் குட்டிகளையே பண்ணையில் வளர்க்கிறார்கள். கடலைத் தொடாமல் வளர்ந்த அந்தக் குட்டி சின்னதிலிருந்தே குருணைத் தீனி தின்று பழகியது. அது பவளத்தைக் குறைவாகக் கொத்துகிறது என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். விலை கூடுதல்தான். அடுத்து மீன் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன்.

லோபோஃபிலியாவை ஜூரோங்கில் இருக்கும் ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வைத்திருப்பது ஜெனிகாந்தஸ், ஏஞ்சல் குடும்பத்திலேயே நடுநீரில் நின்று மிதவை உயிர்களைப் பொறுக்கித் தின்னும் வகை. வால் கவைபோலப் பிரிந்திருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு உடை. பவளத்தை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே போனபிறகு வெள்ளையாகத் தெரிந்த இடமெல்லாம் சதை மூடி, ஓரத்தில் புதிதாக ஒரு வாயும் வந்திருக்கிறது. “அண்ணே, ரீகலைக் குடுத்துட்டு இதுல ஒண்ணு எடுத்துக்குங்க. பவளத்தையும் திருப்பித் தந்திடறேன்” என்று அவர் வாரம் தவறாமல் படத்தோடு எழுதுகிறார். படம் அருமையாக இருக்கிறது, பார்த்துவிட்டு நன்றி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் லாலா வாங்குவது மட்டும் நிற்கவில்லை.